சென்டர் தெரு மாடி

நியூயார்க்கில் கனால் தெருவிலிருந்து சென்டர் தெருவுக்குள் திரும்பினால் முதலில் வருவது மீன் வாசனை. சீனக் கடைக்காரர்கள் ஐஸைப் பரப்பி மீனை அடுக்கியிருப்பார்கள். கடை கட்டும் நேரத்தில் அந்தத் தண்ணீரை வாளியோடு நடைபாதையில் கொட்டிவிடுவார்கள். குளிர்காலத்தில் அது உறைந்து காலை வாரும். நமக்குப் பாகற்காயும் தண்டுக்கீரையும் கிடைத்தது அந்தப் பக்கத்தில்தான். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டே கச்சேரிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா?

கிராண்ட் தெருவைத் தொட்டதும் மீன் வாசனை போய் இத்தாலிக்காரர் கடையின் காப்பி வாசனை வந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் பழைய போலீஸ் தலைமையகம். தலையில் கும்மட்டம் வைத்து 1909-இல் எழுப்பிய கட்டடம். 1973-இல் போலீஸ்காரர்கள் காலி செய்துவிட்டுப் போனதிலிருந்து இருட்டிக் கிடந்தது. அதன் முதுகுப்புறச் சந்தில் ஒரு துப்பாக்கிக் கடை இருந்தது. அடையாளப் பலகைக்குப் பதிலாகப் பெரிய கைத்துப்பாக்கி ஒன்று வாசலில் தொங்கும். இந்த இருட்டுக்கு அண்டை வீடுதான் 224, சென்டர் தெரு. அதன் மாடியில்தான் இசையமைப்பாளர் ஃபில் நிப்லாக் குடியிருந்தார். அந்த மாடியிலேயே 1973 முதல் கச்சேரி நடத்தினார்.

அந்தக் காலத்து மன்ஹாட்டன் தென்கோடியை இன்றைக்கு யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிவதில்லை. துணி ஆலையும் பெட்டி செய்கிற பட்டறையும் மூடிப்போய், மாடி மாடியாகக் காலி இடம். வாடகை மலிவு என்று ஓவியர்கள் வந்து சேர்ந்தார்கள். அங்கே குடியிருப்பது சட்டப்படி தப்பு. ஓவியர், சிற்பி என்றால் இருந்துகொள்ளலாம் என்று சோஹோ பகுதிக்கு அனுமதி வந்ததே 1971-இல்தான். தீப்பிடித்தால் எந்த மாடியில் ஆள் இருக்கிறது என்று தீயணைப்புக்காரர்களுக்குத் தெரிய, வாசலில் 'ஏ.ஐ.ஆர்.' (ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்) என்று ஒரு தகடு அடித்திருப்பார்கள். 1968-இல் பாலா கூப்பர் பிரின்ஸ் தெருவில் காலரி திறந்தபோது சோஹோவில் வேறு காலரி இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் தெருவுக்கு நாலு முளைத்தன. நகரத்துப் பெரிய அரங்குகள் புது இசைக்காரர்களை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தன. ஓவிய நண்பர்கள்தான் தங்கள் வெள்ளைச் சுவர் அறைகளைத் திறந்துவிட்டார்கள். ஸ்டீவ் ரைக் 1967-இல் பார்க் பிளேஸ் காலரியில் வாசித்தார். ஃபிலிப் கிளாஸ் குழாய் வேலை பார்த்தும் டாக்சி ஓட்டியும் சம்பாதித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பிளீக்கர் தெரு மாடியில் ஆர்கனை முழங்கவிட்டார். 1976 நவம்பரில் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவில் அவர் படைப்பு மேடையேறியது. அதற்குப் பிறகும் மனிதர் டாக்சிதான் ஓட்டினார்.

புதன்கிழமை 'வில்லேஜ் வாய்ஸ்' கைக்கு வந்ததும் நாம் முதலில் புரட்டுவது டாம் ஜான்சன் பத்தியை. அவரும் இசையமைப்பாளர். 1972-இலிருந்து பத்து வருஷம், முப்பது பேர் கேட்ட கச்சேரிக்கும் முழு மனதோடு எழுதினார். எந்த மாடி, எத்தனை மணி என்று கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வோம். அழைப்புமணி வேலை செய்யாத வீடுகளில் கீழே நின்று குரல் கொடுக்க வேண்டும். ஜன்னல் திறக்கும். சாவியை ஒரு காலுறைக்குள் போட்டு மேலிருந்து எறிவார்கள். நீங்கள் ஒரு தடவை அதை ஒற்றைக் கையில் பிடித்தீர்கள்; மேலே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஏறிப்போனால் டர்பன்டைன் வாசனை, ஈரக் கம்பளி வாசனை, யாரோ வெங்காயம் வதக்கிய வாசனை. கோட்டுகளையெல்லாம் வீட்டுக்காரர் படுக்கையின் மேல் மலையாகக் குவிப்போம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்வதற்கு நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சின்னக் காலரியில், ஆரம்பிக்கும் முன் அதை நடத்தும் அம்மாள் சமையல் மூலைக்குப் போய் ஃபிரிட்ஜின் ஒயரைப் பிடுங்குவார். அதுவரை காதில் விழாத உறுமல் ஒன்று நின்று, அறை சட்டென்று ஆழமாகிவிடும். பிறகு ரேடியேட்டர் குழாய் ஆவி விடுகிற சத்தம். வயலின்காரர் வில்லை எடுப்பதற்கு முன்னாலேயே நாம் கேட்க ஆரம்பித்திருப்போம்.

நிப்லாக் முறையாகச் சங்கீதம் படித்தவரில்லை. இந்தியானாவில் பிறந்து 1958-இல் நியூயார்க் வந்தவர். புகைப்படம், பிறகு சினிமாப்படம், அதற்கும் பிறகுதான் இசை. அவர் செய்த வேலை இதுதான். ஒரு செல்லோவையோ டிராம்போனையோ நீண்ட ஒரே ஸ்வரத்தில் வாசிக்கச் சொல்லி டேப்பில் பதிவார். மூச்சு வாங்கும் இடங்களை வெட்டி எடுத்துவிடுவார். அதே ஸ்வரத்தை நூலிழை ஏற்றி இறக்கிப் பல அடுக்காகச் சேர்ப்பார். ராகம் கிடையாது, தாளம் கிடையாது. ஒலிபெருக்கியில் விட்டால் அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று உரசி, யாருமே வாசிக்காத ஸ்வரங்கள் கூரையருகில் கிளம்பும். தலையை இந்தப் பக்கம் திருப்பினால் ஒன்று, அந்தப் பக்கம் திருப்பினால் வேறொன்று. எழுந்து நாலடி நடந்தால் இன்னொரு கச்சேரி. சில நாள் வாத்தியக்காரரே வாசித்துக்கொண்டு நம் நடுவே நடந்துவருவார், நெஞ்செலும்பு அதிரும்.

நம்மோடு திருவாரூர்க்கார அண்ணன் ஒருவர் ஒருநாள் வந்தார் அல்லவா? பெட்டிக்கடை வேலை முடித்து, அலுப்போடு. கால் மணி நேரம் பேசாமல் இருந்தவர் என் காதருகே வந்து, "தம்பி, இது ஒத்து மட்டுமே ஊதுற கச்சேரிடா" என்றார். கண்ணை மூடிக்கொண்டவர் கடைசிவரை திறக்கவில்லை. வீடு திரும்பும் ரயிலில்தான் சொன்னார், அவருடைய சித்தப்பா கோயிலில் ஒத்து ஊதியவர் என்று.

எனக்கும் அந்த வார்த்தைதான் கதவைத் திறந்துவிட்டது. வெண்ணாற்றங்கரையில் எங்கள் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் ஒருவர் நின்று, விடியவிடிய ஒரே சுருதியை விடாமல் ஊதுவார். கன்னம் உப்பியபடியே இருக்கும். மூக்கால் மூச்சு எடுப்பது கண்ணுக்குத் தெரியாது. மல்லாரிக்கு ஆஹா போடுகிற கூட்டத்தில் அவரை ஏறிட்டுப் பார்த்தவர் யாருமில்லை. இப்போது அந்த இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. போன கார்த்திகையில் ஊருக்குப் போனபோது கேட்டேன். ஒரு மயிரிழை பிசகாத சுருதி. காற்றில் ஆடாத சுருதி.

நிப்லாக் மாடியில் இசை ஓடும்போது சுவரில் அவர் படங்களும் ஓடும். 'தி மூவ்மென்ட் ஆஃப் பீப்பிள் வொர்க்கிங்' என்று பெயர். பெரு, மெக்சிகோ, ஹங்கேரி, ஹாங்காங் என்று பல நாட்டு உழைப்பாளிகளை 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது. வலை இழுக்கிறார்கள், வெட்டுகிறார்கள், அடுக்குகிறார்கள், வயலில் குனிந்திருக்கிறார்கள். கதை இல்லை, பேச்சு இல்லை. முகத்தைவிடக் கைதான் அதிகம் தெரியும். சேறு படிந்த ஒரு கை மண்ணுக்குள் போய் வெளியே வருகிறது, மறுபடி போகிறது. நான் பார்ப்பது எங்கள் அப்பாயி கை. கட்டைவிரல் நகத்தில் வண்டல் கறுத்திருக்கும். நாற்றுமுடியைப் பிரிக்கும்போது அந்த விரல் தானாக மடங்கும். மன்ஹாட்டன் மாடியில், முன்பின் தெரியாத முப்பது பேர் மூச்சடக்கி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அறைக்கும் இசைக்கும் இருக்கிற உறவு நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசித்ததைக் கேட்டவர்கள், அங்கே நிலவிய நிசப்தத்தைத்தான் முதலில் சொல்வார்கள். அவருடைய பேரன்மார் மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும் கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக இருந்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் ஆல்வின் லூசியரும் இருந்தார். 1969-இல் அவர் செய்த 'ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்' நினைவிருக்கும். தன் பேச்சைப் பதிந்து, அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிந்து, மறுபடி ஒலிக்கவிட்டு, சொற்கள் கரைந்து அந்த அறையின் சொந்தச் சுருதி மட்டும் மிஞ்சும்வரை கொண்டுபோவார். தனம்மாள் பாட்டியின் கூடத்தில் அப்படிச் செய்திருந்தால் என்ன சுருதி வந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

டிசம்பர் 21 வந்தால் நிப்லாக் வீட்டில் ஆறு மணி நேரக் கச்சேரி. வருஷத்திலேயே நீளமான இரவு. சாயங்காலம் ஆறுக்குத் தொடங்கி நள்ளிரவுக்கு முடியும். நமக்கு அது மார்கழி. ஊரில் பஜனைக் கோஷ்டி தெரு சுற்றி, வெண்பொங்கல் தொன்னையோடு கலைந்திருக்கும். இங்கே ஆட்கள் வருவார்கள், போவார்கள், சுவரோரம் படுத்துத் தூங்கி எழுவார்கள். இசை அங்கேயே இருக்கும்.

போலீஸ் தலைமையகம் 1988-இல் பணக்காரர்களின் அடுக்ககமாகிவிட்டது. வாடகை ஏறி, பாலா கூப்பர் காலரி 1996-இல் செல்ஸீக்குப் போனது. கனால் தெருவில் வண்ணமும் தூரிகையும் விற்ற பேர்ல் பெயின்ட் 2014-இல் மூடியது. 'வில்லேஜ் வாய்ஸ்' 2017-இல் அச்சை நிறுத்திக்கொண்டது. மாடிகள் அப்படியே இருக்கின்றன, தகர உட்கூரையும் இரும்புத் தூணும் மெருகேறியிருக்கின்றன. கீழே கைப்பை விற்கிறார்கள். நிப்லாக் 2024 ஜனவரி 8-இல் தொண்ணூறு வயதில் காலமானார்.

மார்கழிக் கச்சேரியை அதற்கு முன்பே புரூக்ளினில் ரூலெட் அரங்குக்கு மாற்றியிருந்தார்கள். 1978-இல் ஒரு மாடியில் தொடங்கி, 2011-இல் அட்லான்டிக் அவென்யூவுக்கு இடம் மாறிய அரங்கு. ஒலி அங்கே அருமை, நாற்காலி வசதி. அங்கு போகிறேன், மனமாரக் கேட்கிறேன். ஆனாலும் யார் வீட்டு வெங்காய வாசனையும் இல்லாத இடத்தில் அந்த இசைக்கு ஏதோ ஒரு சுவர் குறைகிறது என்பதே என் தீர்ப்பு. புது இசைக்கு அரங்கு வேண்டும்தான். அதற்கு முன்னால் ஒரு கூடம் வேண்டும்.

உங்களிடம் இப்போது பெரிய கூடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். உங்கள் ஊரில் புதிதாக ஏதோ முயன்றுகொண்டிருக்கும் பிள்ளைகள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். மாதம் ஒருநாள் அவர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பாய் விரித்தால் போதும், மேடை வேண்டாம். அவர்கள் தொடங்குவதற்கு முன் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.