அக்கா வீட்டுப் பள்ளிக்கூடமும் ஒரு ஹிஸ்டரி புத்தகமும்

எங்க குடும்பத்தில் ஹிஸ்டரி மேஜர் எடுத்த ஒரே ஆள் நான்தான். இதனால் இதுவரை கிடைத்த ஒரே பலன், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "அப்புறம் இன்னா வேலை கிடைக்கும்?" என்று கேட்பது. போன மாதம்தான் முதல் தடவையாக ஒருத்தர் என் படிப்பை நம்பி ஒரு வேலை கொடுத்தார். பெரியம்மா பொண்ணு, சோளிங்கரில் இருக்கும் என் அக்கா. "டேய், பசங்களுக்கு நல்ல ஹிஸ்டரி சிலபஸ் ஒண்ணு பார்த்துச் சொல்லு. நீதான அதைப் படிக்கிற" என்றார்.

பசங்க இரண்டு பேர். பெரியவனுக்கு 13, சின்னவளுக்கு 10. 2020ல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடம் மூடினபோது வீட்டில் படிக்க ஆரம்பித்தவர்கள், அப்படியே வீட்டிலேயே தொடர்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு, அது அவர்கள் சொந்த விஷயம், விட்டுவிடலாம். கணக்கு அக்காவே சொல்லிக் கொடுக்கிறார். அறிவியலுக்கு யூடியூப். தமிழுக்குப் பெரியம்மா. சிக்கினது ஹிஸ்டரி மட்டும். பெரியவன் 14 முடிந்ததும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நடத்தும் பத்தாம் வகுப்புப் பரீட்சையை எழுதலாம். அதில் சமூக அறிவியல் எடுக்கப் போகிறான். அவன் பெயில் ஆனால் மொத்தச் சொந்தமும் "அப்பவே சொன்னோமே" என்று கிளம்பி வரும். மாமா ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறார். அவருக்கு இந்த ஏற்பாட்டில் ஆரம்பம் முதலே அரை மனசு. எனவே இது சும்மா புத்தகம் வாங்குகிற சமாச்சாரம் இல்லை.

அக்கா ஏற்கெனவே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். அமெரிக்காவில் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென்றே பெட்டி போட்டு விற்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி. உலக வரலாறு முழுக்க, வரைபடம், ஒட்டும் படம், அம்மாவுக்குத் தனி கைடு. விலை மாமாவின் சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட. அட்டையில் 'ஆராய்ச்சி அடிப்படையிலான பாடத்திட்டம்' என்று தங்க முத்திரை. எந்த ஆராய்ச்சி, யார் மேல் செய்தது, எத்தனை பிள்ளைகள், ஒன்றும் கிடையாது. பற்பசை விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்டவர் வந்து நிற்பாரே, அது மாதிரி.

மாதிரிப் பக்கங்களைப் புரட்டினேன். 1781: வாஷிங்டன் படை செப்டம்பர் 28ஆம் தேதி யார்க்டவுனை நோக்கி நடந்தது, அக்டோபர் 19ல் ஆங்கிலேயர் சரணடைந்தார்கள், அமெரிக்கா பிழைத்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்கு முந்தின நாள், 1781 செப்டம்பர் 27, அக்கா வீடு இருக்கிற இதே சோளிங்கர் பக்கத்தில்தான் ஹைதர் அலியும் சர் அயர் கூட்டும் மோதினார்கள். அங்கே அமெரிக்கர்களுக்குத் துணை நின்ற அதே பிரெஞ்சுக்காரன்தான் இங்கே ஹைதருக்கும் கூட்டாளி. அதாவது பாதி உலகத்தைச் சுற்றி நடந்த ஒரே சண்டையின் இரண்டு முனைகள். பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் ஆலி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது 1782 ஏப்ரலில் 'ஜெனரல் மங்க்' என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தது. அந்த டிசம்பரில் சித்தூர் பக்கம் பாசறையில் செத்துப்போன ஹைதருக்கு இந்தச் சேதி தெரிந்திருக்குமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பத்தாவதில் நான் சமூக அறிவியலில் 97. மைசூர்ப் போர் என்றால் எனக்கு நினைவில் நின்றது பரங்கிப்பேட்டை மட்டும். சோளிங்கர் என்றால் நரசிம்மர், ஆஞ்சநேயர், கார்த்திகை ஞாயிறு, குரங்கு. அவ்வளவுதான். காலேஜ் வந்த பிறகுதான் சொந்த ஊர்ப் பெயரை ஒரு போரின் பெயராகப் படித்தேன்.

சரி, நிஜமாகவே ஆராய்ச்சி என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. சாம் வைன்பர்க் என்று ஒருத்தர். 1991ல் வெளியான அவர் ஆய்வில் 8 வரலாற்று ஆய்வாளர்கள், 8 பள்ளி மாணவர்கள். இரண்டு தரப்பிடமும் ஒரே காகிதக் கட்டைக் கொடுத்தார். 1775ல் லெக்சிங்டனில் அமெரிக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த மோதல் பற்றிய பழைய சாட்சியங்கள், நடுவில் ஒரு பள்ளிப் பாடப்புத்தகப் பகுதி. படித்துக்கொண்டே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாணவர்கள் ரொம்ப நம்பினது பாடப்புத்தகத்தை. ஆய்வாளர்கள் கிட்டத்தட்டக் கடைசியில் வைத்ததும் அதையேதான். ஆய்வாளர்களில் பலருக்கு அமெரிக்க வரலாறு சொந்தத் துறையே இல்லை. சில தகவல்கள் அந்தப் பசங்க அளவுக்குக்கூட ஞாபகம் இல்லை. ஆனால் ஒரு காகிதத்தை எடுத்ததும் முதலில் பார்த்தது, எழுதினது யார், எப்போது, யாருக்காக என்று. பசங்க முதல் வரியிலிருந்து கதை படிக்கிற மாதிரி படித்தார்கள். (97 வாங்கின நானும் அப்படித்தான் படித்திருப்பேன்.)

இதை வைத்துப் பாடம் நடத்தினால் பலன் உண்டா என்பதற்கும் ஒரு பரிசோதனை உண்டு. அவிஷாக் ரைஸ்மன் 2008ல் சான் பிரான்சிஸ்கோவில் 5 அரசுப் பள்ளிகளில் 236 பிள்ளைகளோடு ஆறு மாதம் செய்தது. ஒரு கேள்வி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு மூன்று சாட்சியங்கள், கடைசியில் பிள்ளையே ஒரு முடிவுக்கு வர வேண்டும். இதுதான் வகுப்பு. இப்படிப் படித்தவர்கள் யோசிப்பதில் மட்டும் இல்லை, தகவல் ஞாபகத்திலும் பொதுவான வாசிப்புத் திறனிலும்கூட மற்றவர்களை முந்தினார்கள். அந்தப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதை அப்படியே அக்காவிடம் கொண்டு போய்க் கொட்டவில்லை. அது பதினோராம் வகுப்பு, பயிற்சி வாங்கின டீச்சர்கள், தாய்மொழியில் படிக்கிற பிள்ளைகள். இங்கே 10 வயசுக் குட்டி, துணி காயப்போட்டுக்கொண்டே பாடம் நடத்துகிற அம்மா. அது அங்கே வேலை செய்தது என்றால் இங்கேயும் செய்யும் என்று நானும் ஒரு முத்திரை குத்திவிட முடியாது. முயன்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடம் எடுத்தேன். 2024ல் வந்த ரோப் காரில் பெரிய மலைக்குப் போய், தரிசனம் முடித்து, கீழே தெரிகிற வயல், ஏரி, குன்று எல்லாவற்றையும் காட்டி, "இந்தப் பக்கம் எங்கேயோதான் சண்டை" என்றேன். கையில் இரண்டு தாள். ஒன்று மார்க் வில்க்ஸ் 1810க்குப் பிறகு வெளியிட்ட தென்னிந்திய வரலாற்றிலிருந்து. இன்னொன்று ஹைதரிடமும் திப்புவிடமும் வேலை பார்த்த கிர்மானி பாரசீகத்தில் எழுதி, 1842ல் மைல்ஸ் ஆங்கிலத்தில் கொண்டுவந்த புத்தகத்திலிருந்து. இரண்டையும் என் சொந்தத் தமிழில் ஒவ்வொரு பக்கமாகச் சுருக்கியிருந்தேன். அதற்கே மூன்று ராத்திரி ஆனது.

பெரியவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, இந்த வில்க்ஸ் அப்ப அங்க இருந்தாரா?"

இல்லை. அவர் கம்பெனிப் படையில் சேர்ந்ததே அதற்குப் பிறகுதான். யாரும் சொல்லித் தராமல் இதைக் கேட்டான்.

அடுத்தது சின்னவள். ஆங்கிலேயர் தரப்புக் கணக்கில் அவர்கள் இழப்பு நூறு பேர் அளவில், ஹைதர் தரப்பில் ஆயிரக்கணக்கில் என்று வரும். "தோத்தவங்க செத்ததை ஜெயிச்சவங்க எப்படி எண்ணினாங்க?" என்றாள். நான் ஆஞ்சநேயர் மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பெரியவனுக்கு இன்னொன்றும் உறுத்தியது. ஜெயித்தவர்கள் ஏன் துரத்திப் போகவில்லை? இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. கூட்டின் படையிடம் அரிசி இல்லை, மூட்டை சுமக்க மாடு இல்லை. 1780ல் ஹைதர் படை இறங்கினபோதே சுற்றுவட்டாரம் எரிந்துபோயிருந்தது. முற்றுகையில் இருந்த வேலூர்க் கோட்டைக்குச் சோறு அனுப்புவதே அந்த வருஷம் பெரிய வேலை. "அப்ப இங்க இருந்த ஜனங்க இன்னா சாப்பிட்டாங்க?" என்று அவள் கேட்டாள். இரண்டு தாளிலும் அதற்குப் பதில் இல்லை. அதை அவளே தேடிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எழுதல" என்றாள்.

கீழே இறங்கினதும் அக்கா கேட்ட கேள்வி வேறு. "இது பரீட்சைக்கு வருமா?"

நியாயமான கேள்வி. மத்தியப் பாடப்புத்தகத்தை மட்டும் நம்பினால், 2025ல் வந்த புதிய எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாகத்தில் ஹைதர், திப்பு, மைசூர்ப் போர்கள் எதுவுமே இடம்பெறவில்லை என்று செய்தியே வந்தது. எதை வைப்பது, எதை எடுப்பது என்பது மேலே இருக்கிறவர்கள் மனசைப் பொறுத்தது. வீட்டில் படிப்பதில் ஒரு வசதி, எடுக்கப்பட்டதைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆபத்தும் அதேதான். அப்பா அம்மாவுக்குப் பிடிக்காததை அவர்களே எடுத்துவிடலாம், கேட்க ஆளில்லை. அதனால் கதைத் தொடர்ச்சிக்குத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். தமிழில் இருக்கிறது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், வேலூர்ப் புரட்சியும் தீரன் சின்னமலையும் பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள்.

வேலூர்ப் புரட்சி என்றதும்தான் மாமா பேச்சில் கலந்துகொண்டார். அதுவரை டிவிதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

1806 ஜூலை 10. புதுத் தலைப்பாகை, அதில் தோலால் செய்த குஞ்சம், நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியைத் திருத்து என்று உத்தரவு. கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் காவலில். விடியும் முன் சிப்பாய்கள் எழுந்தார்கள், ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து ரத்தக்களறி ஆக்கினார். காரணம் தொப்பியா, திப்பு குடும்பமா என்று அப்போதே சண்டை. கவர்னர் பெண்டிங்க், படைத்தலைவர் கிராடக் இருவரையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. இரண்டு தரப்பு வாதத்தையும் பிள்ளைகள் கையில் கொடுக்க இதைவிட நல்ல கேஸ் கிடைக்காது.

பெரியவன் கேட்டான்: "செருப்பு தோல்லதான போட்டிருப்பாங்க. தலையில வெச்சா மட்டும் இன்னா?"

நான் மாட்டுத் தோல், பன்றித் தோல், தொப்பி போட்டால் கிறிஸ்தவனாக்கிவிடுவார்கள் என்ற பயம் என்று பாடப்புத்தகப் பதிலைச் சொன்னேன். மாமா சிரித்தார். "காலுக்கு ஆவும், தலைக்கு ஆவாது. அதுல இன்னும் ஒண்ணு கீது" என்றார். "நான் நாள் பூரா தொடறது அதான். எங்க தாத்தா காலத்துல இதைத் தொட்டவன் ஊர்த் தெருவுல நடக்கக் கூடாது. சிப்பாய்க்குக் கோவம் வந்தது வெள்ளைக்காரன் மேல மட்டும்தானான்னு உங்க புக்ல போட்டிருக்கானா?"

போடவில்லை. ஹிஸ்டரி மேஜர் எனக்கும் அது தோன்றவில்லை. அக்கா உள்ளே போய் டீ போட்டார். பெரியவன் மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வேலையைப் பற்றி வீட்டில் அவ்வளவு பேசி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு அக்கா சொன்னார்.

கடைசியில் முடிவானது இது. பெட்டி வாங்கவில்லை. பரீட்சைக்குத் திறந்தநிலைப் பள்ளிப் பாடம், வாரம் இரண்டு நாள், பழைய வினாத்தாளோடு. வரிசைக்குத் தமிழ்நாட்டுப் புத்தகம். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கேஸ், இரண்டு சாட்சியம். சுருக்கி எழுதுகிற வேலை என் தலையில். "செமஸ்டர் வந்தா இன்னா பண்ணுவ?" என்று அக்கா கேட்டார். அதற்கு இன்னும் பதில் இல்லை. இந்த ஏற்பாட்டின் பலவீனமே அதுதான். செய்ய ஒரு ஆள் வேண்டும், பெட்டியென்றால் ஆள் வேண்டாம்.

விஷயத்துக்குப் பஞ்சமில்லை. முதலாம் பராந்தகன் காலத்துச் சோளிங்கர் பாறைக் கல்வெட்டை ஹுல்ட்ஷ் எபிகிராஃபியா இண்டிகா நான்காம் தொகுதியில் பதிப்பித்திருக்கிறார். அந்தப் பராந்தகன் பாணர்களை விரட்டிவிட்டு அவர்கள் பட்டத்தைக் கங்க அரசன் பிருதிவீபதிக்குக் கொடுத்தவன். சோளிங்கர் ரயில்வே ஸ்டேஷன் ஊருக்குள் இல்லாமல் பாணாவரத்தில் இருக்கிறதே, அந்தப் பெயரில் இருப்பது இந்தப் பாணர்களா என்பது சின்னவளுக்கான கேஸ். சோழலிங்கபுரம்தான் சோளிங்கர் ஆனது என்று பெரியவர்கள் சொல்வதற்கு என்ன ஆதாரம் என்பதும் அவளே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஆம்பூர், 1749. அன்வருதீன் யானை மேலேயே செத்த போர். அந்த வருஷங்களில் புதுச்சேரியில் உட்கார்ந்து ஆனந்தரங்கப் பிள்ளை தமிழிலேயே தினமும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார், அதனால் இந்த முறை மொழிபெயர்க்கிற வேலை மிச்சம். வகுப்பில் யார் வீட்டிலாவது அந்த வருஷத் தொகுதி இருந்தால் இரண்டு வாரம் இரவல் கொடுங்கள். அட்டை கிழியாமல் திருப்பித் தருவேன். மாமா ஆம்பூருக்குத் தானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், ஞாயிறு ஓவர்டைம் இல்லாவிட்டால்.