வயிறு நிறைந்தால் போதுமா?

தலைப்பிரசவத்துக்காக என் மகள் வந்திருந்த சமயம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 கிராம்தான் என்று வந்தது. கர்ப்பிணிக்கு 11-ஆவது இருக்க வேண்டுமாம். எனக்குச் சுரீரென்றது. மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு போட்டு, "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோம்மா" என்று கெஞ்சிக் கெஞ்சிப் பரிமாறுகிறேன். என் கையால் சாப்பிடுகிறவளுக்கா ரத்தம் இல்லை?

அதே வாரம் கொல்லையில் எலுமிச்சைச் செடிக்கும் வந்தது கேடு. பறவை எச்சம் மாதிரி ஒட்டிக் கிடந்த புழுக்கள், பச்சைப் பசேலென்று கொழுத்து, கொழுந்தையெல்லாம் மொட்டையடித்துவிட்டன. நசுக்கப் போன என்னை, வேளாண்மை படித்த என் அண்ணன் மகள் தடுத்தாள்.

"விடுங்க அத்தை, வண்ணத்துப்பூச்சியாகப் போற புழு. இனிமே இதுங்க பாடு இன்னும் கஷ்டம். வயிறு முட்டத் தின்னாலும் சத்து பத்தாது."

"இலைக்கா பஞ்சம்?" என்றேன்.

அவள் விளக்கினாள். நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்க எரிக்க, காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறது. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு இருந்ததாம். 2024-ல் அது 420-ஐத் தாண்டிவிட்டது.

"செடிக்கு அதுதானே சாப்பாடு? கூடினால் நல்லதுதானே?"

"நாலு பேருக்கு வச்ச சாம்பார். எட்டு பேர் வந்துட்டா என்ன செய்வீங்க?"

"ஒரு சொம்பு வெந்நீரை ஊற்றிக் கொதிக்க விடுவேன்."

"அதேதான் அத்தை. செடி நல்லா தழைக்கும். மாவும் சர்க்கரையும் கூடும். ஆனா வேர் மண்ணிலிருந்து எடுக்கிற தழைச்சத்து அந்த அளவுக்குக் கூடாது. புரதம் நீர்த்துப் போயிடும்."

அப்படிப்பட்ட இலையைப் புழு அதிகமாகத் தின்றும் மெதுவாகவே வளர்வதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்களாம். புழுவாகவே கிடக்கும் நாள் கூடினால், குருவி வாயில் விழும் ஆபத்தும் கூடும் அல்லவா?

தேனீக்கள் கதையும் இதுதான். அமெரிக்காவில் கோல்டன்ராட் என்று ஒரு மஞ்சள் பூச்செடி. குளிர்காலத்துக்கு முன் அங்குள்ள தேனீக்களுக்கு அதன் மகரந்தம் முக்கிய ஆகாரம். வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1842 முதல் பாடம் செய்து வைத்திருந்த அந்தப் பூக்களை ஆராய்ந்தார்கள். 2014-க்குள் மகரந்தத்தின் புரதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பூ அதே பூதான். உள்ளேதான் சத்து இல்லை.

எனக்குச் சட்டென்று மகளின் தட்டு ஞாபகம் வந்தது. "நாம சாப்பிடற அரிசி?" என்றேன்.

ஜப்பானிலும் சீனாவிலும் வயலைச் சுற்றிக் குழாய் அமைத்து, இந்த நூற்றாண்டுக்குள் வரக்கூடிய அளவுக்குக் கரியமில வாயுவைக் கூட்டி 18 ரக நெல் வளர்த்தார்களாம். 2018-ல் வந்த முடிவின்படி புரதம் சராசரியாக 10 சதவிகிதம், இரும்பு 8, துத்தநாகம் 5 சதவிகிதம் குறைந்தன. சோதித்த ரகங்களில், கர்ப்பிணிகளுக்கு அவசியமான ஃபோலிக் அமிலச் சத்து 30 சதவிகிதம் குறைந்ததாம்.

"அப்போ இவளுக்கு ரத்தம் குறைஞ்சது இதனாலா?"

"இல்லை அத்தை, அது வரப்போற கதை. ஆனா சோற்றாலேயே வயிற்றை ரொப்பறது இப்பவே தப்புதான்."

சுருக்கென்று தைத்தது. நானும் அளவைத்தானே பார்த்தேன், சத்தைப் பார்க்கவில்லையே!

அன்று முதல் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தேன். முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல் சேர்த்தேன். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ அதைத் தடுக்கும் என்பதால் தள்ளி வைத்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் அவள் தவறவிடவில்லை. அடுத்த பரிசோதனையில் 10-ஐத் தாண்டியது.

புழுவும் தேனீயும் பாவம், கிடைத்ததைத்தான் தின்னும். மாற்றிப் பரிமாற நமக்குக் கையும் கரண்டியும் இருக்கின்றன. எலுமிச்சையில் ஒரு கிளையை அவற்றுக்கே விட்டுவிட்டேன், தின்றுவிட்டுப் போகட்டும் என்று!