பெயர் நீக்கம்

2021-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, மஞ்சள் ரேஷன் கார்டையும் கல்யாணப் பத்திரிகையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, உழவர்கரையிலிருந்து என் மகளுடன் புறப்பட்டேன். ஆவணியில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு விழுப்புரம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்; ஆனால் சர்க்கார் கணக்கில் அது வேறு மாநிலம். அங்கே அவள் பெயரைச் சேர்க்க வேண்டுமானால், இங்கே நீக்கிவிட்டதற்குச் சான்று வேண்டுமாம்.

குமாஸ்தா நல்ல மனிதர். அதிகம் காக்க வைக்கவில்லை. அவள் பெயரின் மேல் ஒரு கோடு போட்டு, "இனிமே உங்க கார்டுல நீங்க ஒருத்தர்தாம்மா" என்று சொல்லி நீட்டினார். தகவலாகத்தான் சொன்னார், பாவம். எனக்கு ஏனோ உடனே கையை நீட்டத் தோன்றவில்லை. மகள்தான் வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரந்தான் பத்திரிகைகளில் ஒரு படம் வந்தது. ஜப்பான் சக்கரவர்த்தியின் தம்பி மகள் மாகோ, அக்டோபர் 26-ஆம் தேதி, தன்னோடு கல்லூரியில் படித்த கொமுரோ என்பவரை மணந்துகொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். வாசலில் தாய் தந்தைக்குத் தலை வணங்குகிறாள். தங்கை அவளைக் கட்டிக்கொள்கிறாள். இனி அவள் ராஜகுமாரி அல்ல. 1947-ஆம் வருஷத்து அரச குடும்பச் சட்டம் அப்படி. அரச குடும்பத்துக்கு வெளியே மணம் செய்துகொள்ளும் பெண் அந்தக் குடும்பத்தை விட்டு நீங்கிவிடுகிறாள்.

உள்ளேயே வரன் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். பையன் எங்கே இருக்கிறான்? அதே 1947-ல் பிரபுப் பட்டங்கள் ஒழிந்தன. அரச வம்சத்தின் பதினோரு கிளைகள் சாதாரணப் பிரஜைகளாயின. ஆகவே அங்கே ராஜகுமாரிக்குக் கல்யாணம் என்றாலே வெளியேற்றம் என்றுதான் பொருள். அகிஹிதோ சக்கரவர்த்தியின் ஒரே மகள் சயாகோ, 2005-ல் டோக்கியோ நகர நிர்வாகத்தில் வேலை பார்த்த ஒருவரை மணந்தார். அதற்கு முன்பாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார் என்று பத்திரிகைகள் எழுதின.

சடங்குகள் நமக்குப் புதிதாகத் தோன்றாது. பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் மீனும் மதுவும் பட்டும் கொண்டுவந்து கொடுத்தால் நிச்சயதார்த்தம். பிறகு நாள் குறித்துச் சொல்லியனுப்புகிறார்கள். பெண், அடுக்கடுக்கான பழங்கால உடையில் அரண்மனைக் கோயில்களில் விடைபெறுகிறாள்; கடைசியில் சக்கரவர்த்தி தம்பதியிடம். கௌரவமாக வாழ அரசு ஒரு தொகையும் தருகிறது. சயாகோவுக்கு 15 கோடியே 25 லட்சம் யென். அது பெண்ணின் கையிலேயே கொடுக்கப்படுகிறது என்பதை நம் ஊர் சம்பந்திகள் கவனிக்க வேண்டும். பிள்ளையின் தாயாரைப் பற்றிய ஒரு பண விவகாரத்தால் மாகோவின் கல்யாணம் மூன்று வருஷத்துக்கு மேல் தள்ளிப்போய், ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. அவள் சடங்கும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

என்னைத் தொட்டது வேறு ஒரு விஷயம். ஜப்பான் அரச குடும்பத்தாருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஊரார் பெயர் இருக்கும் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இராது, தனிப் பதிவேடு. கல்யாணமானதும் அதிலிருந்து பெயர் போய், புருஷனோடு சேர்ந்த ஏட்டில் ஏறுகிறது. அதன் பிறகுதான் அவளுக்கு வோட்டு உண்டு.

எங்கள் புதுச்சேரிக்கும் ஒரு தனி ராஜ்யம் இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16-ல் பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி ஊரை ஒப்படைத்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துவிட்டார்கள். இன்றும் அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு வரன்கள் வாசலில் நிற்கும். என் மகளுக்கு ஜாதகம் கேட்டு வந்த தரகர், நட்சத்திரம் கேட்கும் முன்பே, "பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டாம்மா?" என்றார். இல்லை என்றதும் காப்பியைச் சீக்கிரமாகக் குடித்துவிட்டார்.

ராஜகுமாரி இடம் பெயராத ஊரும் நம் பக்கத்திலேயே இருந்தது. கன்னியாகுமரி ஜில்லா 1956 வரை சேர்ந்திருந்த திருவிதாங்கூரைச் சொல்கிறேன். அங்கே மருமக்கள் தாயம். ராணியின் பிள்ளைக்குத்தான் பட்டம்; ராணியின் புருஷர் கோயித் தம்புரான் என்ற பெயரோடு அரண்மனைக்கு வந்து சேருவார். ராஜா ஆகமாட்டார். மனைவிக்கு அவர் பிரஜை.

அப்படி 1859-ல் லட்சுமி பாய் ராணியை மணந்தவர் கேரள வர்மா, பெரிய புலவர். 1875-ல் ஆயில்யம் திருநாள் மகாராஜாவுக்கு அவர் மீது சந்தேகம் வந்து, ஆலப்புழையில் காவலில் வைத்தார். பிறகு ஹரிப்பாட்டுக்கு மாற்றினார். அந்த வழக்கப்படி ராணி உறவை முறித்துக்கொண்டு வேறொருவரை ஏற்கலாம், குற்றமில்லை. ஏற்கும்படி சொன்னவர்களும் இருந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். 1880-ல் மகாராஜா காலமான பிறகுதான் புருஷர் திரும்பினார். அடுத்த வருஷம் விக்டோரியா மகாராணி லட்சுமி பாய்க்கு ஒரு விருது அனுப்பினார். விருது கிடக்கட்டும், வீடும் பெயரும் அந்தஸ்தும் எல்லாம் தன்னிடமே இருந்தும், போன மனிதருக்காக ஐந்து வருஷம் காத்திருந்தார் அல்லவா! காவலில் இருந்த கணவன் மயிலைத் தூது விடுவதாக, கேரள வர்மா 1894-ல் 'மயூர சந்தேசம்' எழுதினார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. 1900-ல் ராஜா ரவிவர்மாவின் பேத்திகள் இருவரை அரச குடும்பத்துக்குச் சுவீகாரம் எடுத்தார்கள். அந்தச் சிறுமிகளும் எந்த வீட்டு ஏட்டிலிருந்தோ பெயர் பெயர்ந்து வந்தவர்கள்தான்.

தலை தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். விழுப்புரத்தில் அவள் பெயர் இன்னும் ஏறியிருக்கவில்லை.

"இப்ப நான் எந்த ஊர்க் கணக்கும்மா?" என்று சிரித்தாள்.

பீரோவிலிருந்து கார்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கோடு கொஞ்சம் கோணலாப் போட்டிருக்கார்" என்றாள்.

நான் தீபாவளி லேகியத்தை இரண்டு உருண்டையாக உருட்டி, முதலில் மாப்பிள்ளைக்குக் கொண்டுபோனேன்.