மாமாவோட ஃபோன் நம்பரும் ஒரு மேற்கோள்குறியும்

மக்களே, இது பொட்டி தட்டுறவனோட சொந்தக் கதை, சோகக் கதை. கொசுவர்த்தியை லேசா சுத்திக்கோங்க.

2010. எட்டாங்கிளாஸ். பள்ளிக்கூட லேப்ல ஃப்ரண்ட்பேஜ் 2003. (மைக்ரோசாஃப்ட் அதை 2006-லேயே மூட்டை கட்டிடுச்சு. எங்க லேபுக்குச் சேதி வரலை.) படத்தை இழுத்து விட்டா பக்கம் ரெடி, மேல 'வருக வருக' ஓடும். சொர்க்கம்! காலேஜ் வந்ததும் ஒரு சீனியர் அந்த மாதிரிப் பக்கம் ஒண்ணோட உள்குடலைத் திறந்து காட்டினார். டேபிளுக்குள்ள டேபிள், அதுக்குள்ள இன்னொரு டேபிள், வரிக்கு வரி ஃபான்ட் டேக். அன்னைக்கே கட்சி மாறிட்டேன். இனிமே எச்.டி.எம்.எல். எழுதினா கையாலதான். முதல் தமிழ்ப் பக்கத்தை நோட்பேடில் யூனிகோடா சேமிக்காம, அது கொடுத்த எச்சரிக்கையையும் படிக்காம ஓகே தட்டி, மொத்தத் தமிழும் கேள்விக்குறியா நின்னதெல்லாம் வீரத்தழும்பு.

2021-ல பல்லடத்துல இருக்கிற மாமாவோட மோட்டார் வைண்டிங் கடைக்கு ஒரு பக்கம் செஞ்சு கொடுத்தேன். எல்லாம் கையால. மொத்தமே 14 கேபி. தோட்டத்துல ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தாலும் சட்டுனு திறக்கும். நம்பரைத் தொட்டா நேரா கால் போகும். ரெண்டு மாசம் அந்தப் பெருமையிலேயே திரிஞ்சேன்.

2023 கோடையில மாமா கூப்பிட்டார். "மாப்ள, கடை நம்பர் மாறிப்போச்சு. கொஞ்சம் மாத்திக் குடு."

"ஞாயித்துக்கிழமை பண்ணிடறேன் மாமா."

ரிலீஸ், ஆணி மேல ஆணி. மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. பொறுத்துப் பார்த்துட்டு கடைப்பையனை விட்டு மாத்தச் சொல்லியிருக்கார். பையன் நம்பரைச் சரியாத்தான் மாத்தியிருக்கான். பழைய நம்பரை அழிக்கும்போது கூடவே கடைசி மேற்கோள்குறியும் போயிடுச்சு. அது இல்லேன்னா பிரவுசர் என்ன பண்ணும்? அடுத்த மேற்கோள்குறி எங்க வருதோ அதுவரைக்கும் எல்லாமே லிங்க்குதான்னு நினைச்சு முழுங்கிடும். நம்பர், கடை நேரம், வழி, எல்லாம் மாயம். பக்கம் மட்டும் சட்டுனு திறக்குது.

கிணத்து மோட்டார் காயில் புகையுற சீசன். பத்து நாள். மாமா திட்டலை. திட்டியிருந்தா தேவலாம்.

அடுத்த பொங்கலுக்குப் போனேன். பக்கத்து வீட்டு பி.காம். பொண்ணு இழுத்து விடற எடிட்டர் ஒண்ணுல புதுசா செஞ்சு கொடுத்திருந்துச்சு. நமக்குத்தான் கை சும்மா இருக்காதே, சோர்ஸைத் திறந்தேன். ஒரு ஃபோன் நம்பரைச் சுத்தி பதினோரு டிவ்! மூணு எம்பி பக்கம்! மோட்டார் படம் ஆடி அசைஞ்சு வருது. திண்ணையில உக்காந்து மாமாகிட்ட அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். தோட்டத்துல சிக்னல் இல்லாதவனுக்கு இது திறக்காதுன்னு சொன்னேன். அதுல இன்னும் மாற்றமில்லை.

ஆனா ஒரு விஷயம் உறுத்துது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல எழுதின முதல் பிரவுசரே ஒரு எடிட்டரும்கூட. பக்கத்தைப் பார்த்தபடியே அதுலயே திருத்தலாம், டேக் எதையும் தட்ட வேண்டாம். 1993-ல வந்து பிரபலமான மொசைக்ல அந்த வசதி இல்லை. ஆக, நான் மீசையை முறுக்கிட்டிருந்த கைத்தொழிலை, வலையை உண்டாக்கின ஆளே ஜனங்க தலையில கட்ட நினைக்கலை.

வகுப்பு முடிஞ்சதும் மாமா மொபைலை எடுத்தார். கட்டைவிரலால ரெண்டு தட்டு. 'பொங்கலுக்கு மூணு நாள் கடை லீவு', சிவப்பு எழுத்துல.

"சரியா வந்திருக்கா பாரு மாப்ள."

வந்திருந்துச்சு. பன்னெண்டாவது டிவ்வோட.