கிழமை பார்க்காத நாடக மேடை

பெருநகரத்தில் பாட்டு கேட்க நினைப்பவர் முதலில் கிழமையைத்தான் பார்க்கிறார். அங்கே பாட்டு பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில்தான் அரங்கேறுகிறது. அந்தக் கணக்கோடு புதுக்கோட்டைக்கு வருபவர், இங்கே இரவில் பாட்டே இல்லை என்று முடிவுகட்டிவிடக்கூடும். ஆனால் ஸ்பெஷல் நாடகம் இன்னும் உயிரோடிருக்கும் மாவட்டம் இது. நாடக நடிகர்களுக்குப் புதுக்கோட்டையிலேயே சங்கம் உண்டு. தேட வேண்டியது கோயில் திருவிழாவை. பங்குனியிலிருந்து ஆடி வரை அம்மனுக்குக் காப்புக் கட்டும் ஊர்களில் பல, ஓரிரவாவது 'வள்ளி திருமணம்' அல்லது 'அரிச்சந்திரா' வைக்கின்றன. அது செவ்வாயாக இருக்கலாம், புதனாகவும் இருக்கலாம்.

இந்த நாடகத்துக்கு நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரிபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர்; ஆர்மோனியமும் மிருதங்கமும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்படுகின்றன. ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்திப்பவர்கள் விடியும்வரை பாடித் தர்க்கம் செய்ய முடிகிறதென்றால், சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த பாடல்களும் கதைப்போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான். வள்ளியும் நாரதரும் மோதும் தர்க்கத்தில் எதிராளி எந்தக் கேள்வியைத் தொடுப்பார் என்று எவருக்கும் தெரியாது. அந்த இரவின் பாட்டு அந்த இரவுக்கே உரியது. பதிவில் கேட்டால் போதாதா என்பவருக்கு என் பதில் இதுதான்: நேரில் போக வேண்டும்.

வேலைக்குப் போகிறவருக்கு வார இறுதிதானே வாய்க்கும் என்பது நியாயமான மறுப்பு. அதற்காக நாடகத்தைச் சனிக்கிழமைக்கு நகர்த்தச் சொல்ல முடியாது. செலவு ஊர் வரியிலிருந்து வருகிறது. ஊர் கூடிச் சாமிக்கு நாள் குறிக்கிறது. ஒருநாள் விடுப்பு எடுப்பது பயணி தரவேண்டிய விலை. நுழைவுச்சீட்டு இல்லாத கலைக்கு அது அதிகமில்லை. விடிய விடிய ஒலிபெருக்கி அலறினால் நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் என்ன செய்வார்கள் என்ற கேள்வி இன்னும் கனமானது. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் தடையும் உண்டு. ஊருக்கே கேட்கும்படி கட்டிய குழாய்களை இறக்கி, கொட்டகைக்குள் மட்டும் ஒலிக்கும் பெட்டிகளை வைப்பது நல்லது. முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கு ஆர்மோனியம் அப்போதுதான் சரியாகக் கேட்கும்.

எங்கே, என்றைக்கு என்பதைச் சுவரொட்டிதான் சொல்லும். நடிகரின் படம், பெயர், ஊர், ஏற்கும் வேடம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். திருமயம், அன்னவாசல், ஆலங்குடி, பொன்னமராவதி பேருந்து நிலையச் சுவர்களைப் படித்துவிட்டு, அருகிலிருக்கும் டீக்கடையில் எந்த ராஜபார்ட் நன்றாகப் பாடுவார் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பலாம்.