இந்த மாதம் படித்தது, பார்த்தது, கேட்டது

மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் நான் இன்னொரு கணக்கும் எழுதி வருகிறேன். இந்த மாதம் என்ன படித்தோம், என்ன பார்த்தோம், என்ன கேட்டோம் என்று. எங்கள் வீட்டுக்காரர் அதைப் புரட்டிவிட்டு, "இதுல கையிருப்பு எவ்வளவு?" என்று கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும்!

இந்த மாதக் கணக்கில் ஒரு விசேஷம். எல்லாமே எங்கள் சேத்தியாத்தோப்பைச் சுற்றி, பஸ் ஏறினால் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரத்துச் சரக்கு. தானாக அமைந்ததல்ல, தேடிப் பிடித்தேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் அவளை அழைத்து வர மாமியார் போயிருந்தார். கூட நின்ற பிள்ளைகள் எதிரில், "கொல்லைக்குப் போயிட்டு அப்படியே ஒன்ன இட்டுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாராம். எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் நிலம், பயிர் வைக்கிற இடம். வெளியூரில் 'கொல்லைக்குப் போவது' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். டவுனிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கின்றன. போதாக்குறைக்கு, முந்தின வாரம்தான் வகுப்பில் இவள் "மல்லாட்டை" என்று சொல்லப் போக, அதெல்லாம் கொச்சை, வேர்க்கடலை என்று சொல்லு என்று திருத்தியிருக்கிறார்கள்.

வழியில் இவள் பாட்டியிடம், "ஆயா, இனிமே என் பிரெண்ட்ஸ் இருக்கிறப்ப நீ பேசாதே" என்று சொல்லிவிட்டாள்.

மாமியார் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. "என்ன அத்தை, உடம்புக்கு முடியலையா?" என்றேன். "பசி இல்லம்மா" என்றார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. விஷயம் தெரிய எனக்கு மூன்று நாளாயிற்று.

மகளைத் திட்டியிருக்கலாம். திட்டினால் ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாள். வெட்கம் உள்ளேயேதான் இருந்திருக்கும். அதனால், தெரிந்தவர் ஒருவரிடம் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யை இரவல் வாங்கி வந்து அவள் எதிரே வைத்தேன். கண்மணி குணசேகரன் தொகுத்தது. விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அரசு பஸ் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே கதை, கவிதை, நாவல் எல்லாம் எழுதியவர். நம் பக்கத்து ஜனங்கள் வாயில் புழங்குகிற சொற்களை வரிசையாகச் சேர்த்து, பொருள் எழுதி வைத்திருக்கிறார். இதற்கு முன்னாலேயே 1982-ல் கி. ராஜநாராயணன் கரிசல்காட்டுச் சொற்களுக்கு அகராதி போட்டு வழி காட்டியிருந்தார்.

"ஆயா பேசறதையெல்லாமா புஸ்தகமாப் போடுவாங்க?" என்றாள் மகள். ஆசிரியரின் ஊர் மணக்கொல்லை என்று சொன்னேன். இரண்டு நிமிஷம் யோசித்தாள். "ஊர்ப் பேர்லயே கொல்லை இருக்கும்மா!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அகராதியைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். அவருடைய 'அஞ்சலை' நாவல் நமக்கு மட்டும். கூலி வேலை செய்து பிழைக்கிற ஒரு பெண்ணை ஊரும் உறவும் பேச்சாலேயே எப்படி வதைக்கின்றன என்பதை மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார். வசவுகளும் அப்படியே வரும். முகம் சுளிக்காமல் படியுங்கள். அந்தப் பேச்சு நம் தெருவில் இல்லை என்று சொல்ல முடியுமா?

நான் தனியாகப் படித்த இன்னொன்று இமையம் எழுதிய 'செல்லாத பணம்'. இவரும் விருத்தாசலத்தில் இருப்பவர்தான். பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்த நாவலுக்கு 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. பெற்றவர்கள் தடுத்தும் கேட்காமல் ஆட்டோ ஓட்டுகிறவனைக் கல்யாணம் செய்துகொண்ட பெண், உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். வார்டுக்கு வெளியே அம்மாவும் அப்பாவும் காத்திருக்கிறார்கள். அப்பாவிடம் பணம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவ்வளவுதான் கதை. மத்தியானம் பாத்திரம் ஒழித்துப் போட்ட பிறகு படிக்க ஆரம்பிப்பேன். பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடாது. எழுந்து போய்ப் பள்ளிக்கூடம் விடுகிற நேரமாயிற்றா என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். கைக்குழந்தைக்காரிகள் ராத்திரி படுக்கப் போகும் முன் இதை எடுக்க வேண்டாம். தூக்கம் போய்விடும். ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு தடவையாவது படித்துவிடுங்கள், அப்பாக்களும் சேர்த்து.

பார்த்தது ஒன்றே ஒன்று. 2002 பொங்கலுக்கு வந்த 'அழகி'. தங்கர் பச்சான் பண்ருட்டிப் பக்கத்து மனிதர். தன்னுடைய 'கல்வெட்டு' என்ற சிறுகதையைத்தான் படமாக்கினார். பலாவும் முந்திரியும் விளைகிற அந்தச் சீமையின் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அவ்வளவு இயல்பாகக் காட்டிய படங்கள் குறைவு. எல்லோரும் தனலட்சுமிக்காக அழுகிறார்கள். எனக்கென்னவோ அந்த வீட்டு மனைவி வளர்மதியின் நிலைமைதான் உறுத்தியது. வேலைக்காரி என்று வந்து நிற்பவள் புருஷனின் பழைய அழகி என்று தெரிந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் சோறு இறங்கும்? எங்கள் வீட்டுக்காரர் சரியாக அந்தக் கட்டத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். நான் ஒன்றும் கேட்கவில்லை!

கேட்டதுதான் இந்த மாதம் எங்களுக்கு ருசித்தது. பொன்னியின் செல்வனை யாரோ நிறுத்தி நிதானமாக வாசித்திருக்கிறார்கள். செல்போனில் போட்டுவிட்டு, மாமியாரும் மகளும் நானுமாக உட்கார்ந்து மல்லாட்டை உரித்தோம். கண்ணுக்குச் சிரமம் இல்லை, கைவேலையும் நடக்கிறது. மாமியாருக்குச் சின்ன எழுத்து தெரியாது. படிக்கச் சொல்லி யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார். அவருக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

கல்கி இதை 1950-லிருந்து 1954 வரை தொடராக எழுதினார். மணிரத்னம் எடுத்த படம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக வந்தது. படம் பார்த்தவர்களும் கதையின் முதல் அத்தியாயத்தைக் கேட்க வேண்டும். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அது எந்தக் கரை? வீரநாராயண ஏரிக்கரை. முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. இன்றைக்கு நாம் வீராணம் என்கிறோம். 2004 முதல் சென்னைக்காரர்கள் குழாயில் பிடித்துக் குடிக்கிறார்களே, அந்தத் தண்ணீர்தான்.

"நம்ம ஏரியா?" என்று மகள் எழுந்தே நின்றுவிட்டாள். வாண்டுக்கு அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும். காட்டுமன்னார்கோயில் பஸ் கரையோடு போகும் என்று சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். கதையில் ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள் என்று வருகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து மதகுகளை எண்ணிக்கொண்டே வந்தவள், பாதியில் கணக்கைத் தவறவிட்டு ஆயாவிடம் கேட்டாள். ஆயா மதகை விட்டுவிட்டு, தான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெருக்கு நாளில் கூட்டமாகப் போய்ச் சித்ரான்னம் சாப்பிட்ட கதையை ஆரம்பித்தார். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் வாயை மூடச் சொல்லவில்லை. "அப்புறம்?" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் இன்னமும் வேர்க்கடலைதான். வீட்டுக்குள் வந்தால் மல்லாட்டை. அது அவள் பாடு. சாயங்காலம் அழைத்து வர மறுபடி ஆயாதான் போகிறார். ராத்திரி அவர் ஏணையில் பிள்ளைகளை ஆட்டிப் பாடிய தாலாட்டுகளை மகள் செல்போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். நடுவில் இருமல் வந்தால் மறுபடி முதலிலிருந்து பாடச் சொல்கிறாள், பாவம் அத்தை!

அடுத்த மாதத்துக்குப் புதுமைப்பித்தன் கதைகளை எடுத்து வைத்திருக்கிறேன். பிறந்தது கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், 1906-ல், இயற்பெயரோ விருத்தாசலம். விடுவேனா?

வந்தியத்தேவன் இன்னும் தஞ்சாவூர் போய்ச் சேரவில்லை. கோட்டை, சதி, ஓலை எதைப் பற்றியும் மாமியாருக்குக் கவலை இல்லை. தினமும் அவர் கேட்பது ஒன்றுதான்: "அந்தக் குதிரைக்கு யாராவது தண்ணி காட்டினாங்களா?"