யார் செய்தார்?

பிழை நேர்ந்தவிடத்து 'யார் செய்தார்?' என்று வினவுதல் உலகியல்பு. 'எதனால் நேர்ந்தது?' என்னும் வினாவே பயனுடைத்தென்பதைச் சென்ற மழைக்காலத்தில் யாம் அறிந்தோம்.

திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1965-இல் நிறுவப்பட்டது. அதனைச் சார்ந்து துவாக்குடிப் பக்கத்தில் பட்டறைகள் பல எழுந்தன. அவற்றுள் ஒன்றில் எந்தையார் வெல்டர். கார்த்திகைத் திங்களில் அவர் பற்றவைத்த குழாய்களின் எக்ஸ்-ரே படங்களில் நுண்துளைகள் காணப்பட்டன. முப்பதாண்டு பழகிய கை தளர்ந்ததெனப் பலரும் கூறினர். திருவரங்கத்து எம் இல்லத்தில் அன்றிரவு அவர் உண்ணவில்லை. யாமும் அக்கையை ஐயுற்றோம்.

மேற்பார்வையாளர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு பிழையையும் நாள், வேளை, ஆள், ராடுப் பெட்டி எனத் தாளில் குறித்துவந்தார். பத்து நாளில் உண்மை விளங்கிற்று. பிழைகள் ஆளைத் தொடரவில்லை; மூடாது கிடந்த பெட்டியைத் தொடர்ந்தன. அதிலிருந்து பிறர் எடுத்துப் பற்றவைத்தபோதும் துளைகள் விழுந்தன. மழையீரம் ஏறிய ராடே காரணம். ராடுகளை ஓவனில் உலர்த்திச் சூடு ஆறுமுன் எடுத்தாளும் வழக்கம் ஒழுங்காயிற்று, துளைகளும் அருகின.

அமெரிக்க அறிஞர் ஷூவர்ட் 1924-இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடமும், மோட்டோரோலா நிறுவனம் 1986-இல் தொடங்கிய 'சிக்ஸ் சிக்மா' முறையும் இந்நெறியின் விரிவே எனப் பின்னர்க் கற்றோம். பத்து இலட்சம் வாய்ப்பில் 3.4 பிழைக்கு மேற்படாமை பின்னதன் இலக்கு.

பிறவிக்குருடனைக் கண்ட சீடர், பாவஞ்செய்தவன் இவனோ, இவன் பெற்றோரோ என்று வினவினர். ஆண்டவர் அவ்வினாவையே மறுத்து, அவன் கண்களைத் திறந்தருளினார். அப்பகுதியை எத்தனையோ முறை ஓதியிருந்தும், எந்தையாரின் கையை ஐயுற்ற பின்னரே அதன் பொருள் எமக்குப் புலனாயிற்று.